ஒரே நோய்க்கு மூன்று பேர்

சூலூர்,
12-2-1995.

தம்பி அரங்கசாமிக்கு,

நீ செய்தது தப்பு. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

போன செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், நம் கடைசித் தம்பி சின்னவனை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால், டாக்டரம்மா ரூத் உன்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னால யாருக்காச்சும் குடல்ல புற்றுநோய் இருந்துச்சுங்களா?" நீ யோசிக்கக்கூட இல்லை. "யாருக்கும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டாய். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் உனக்குப் பின்னால் வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். நீ திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஹெட்கிளார்க்காக இருக்கிறவன் பேசும்போது தறிக்குடோனில் நூல் தார் சுற்றுகிறவள் குறுக்கே வரக்கூடாது என்கிற பார்வை. ஆபரேஷன் நேரத்தில் சண்டை வேண்டாம் என்று அன்றைக்கு விட்டேன். இனி விடமாட்டேன்.

நம்மைப் பெற்ற அய்யன் எப்படிச் செத்தார்? ரத்தக்கடுப்பு என்றார்கள். நீ அப்போது பொள்ளாச்சி ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய். சின்னவனுக்கு விவரம் தெரியாத வயது. புருஷன் வீட்டிலிருந்து ஆனைமலைக்கு வந்து அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். தோப்புக்கு வேலைக்குப் போன மனிதர், பாதி வழியில் திரும்பி வந்து வேட்டியை அவிழ்த்துப் போடுவார். அதை வாய்க்காலில் அலசியவள் நான். ஒரு வருஷத்துக்கு மேல் அலசினேன். எந்தக் கடுப்பு ஒரு வருஷம் இருக்கும்?

அய்யனின் தங்கை மாரியாத்தாள் அத்தைக்கு வயிறு உப்பியது, தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. குடலேத்தம் என்று சொல்லி விளக்கெண்ணெய் போட்டு உருவினார்கள். உருவின கிழவி என் கையைப் பிடித்து அத்தையின் வயிற்றில் வைத்து, "பாரு அம்மணி, குடல் சுருண்டு கிடக்குது" என்றாள். நான் தொட்டது குடல் அல்ல, கட்டி. கல்லு மாதிரி இருந்தது.

இப்போது சின்னவன். தம்பிதுரைக்கு மூலம் என்று சொல்லி ஒரு வருஷம் லேகியம் கொடுத்தோம். ஒரே நோய்க்கு மூன்று பேர் வைத்திருக்கிறோம். இரண்டு பேர் போய்விட்டார்கள், மூன்றாவது ஆள் வயிற்றில் ஓட்டை போட்டு மாட்டிய மலப்பையோடு படுத்திருக்கிறான்.

நீ வந்து டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்.

உன் சம்சாரமும் பிள்ளை அன்புக்கரசியும் சுகமா? நான் சுகம்.

இப்படிக்கு,
உன் அக்கா பழனியாத்தாள்.


சத்தியமங்கலம்,
3-3-1995.

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். உங்கள் நலத்தையும், தம்பி உடல் தேறி வருவதையும் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. பள்ளியில் ஆண்டுத் தணிக்கை நடப்பதால் உடனே எழுத முடியவில்லை. அதோடு, படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது புற்றுநோய். நம் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் என்று ஒரு வைத்தியராவது சொல்லியிருக்கிறாரா? அய்யனுக்கு இருந்தது ரத்தக்கடுப்பு. அத்தைக்குக் குடலேத்தம். ஊரே அப்படித்தான் சொன்னது, நீங்களும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னீர்கள். நாற்பது வருஷம் கழித்து நாமாகப் பேர் மாற்றலாமா?

தம்பிக்கு ஏன் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். லேத் பட்டறையில் வேலை முடிந்தால் சாராயம், நாள் தவறாமல் கறி, நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி. நான் எதையும் தொட்டவனில்லை. நம் குடும்பத்து ரத்தத்தில் இருக்கிறது என்றால் எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

இன்னொன்று. அன்புக்கரசிக்கு இடம் கூடி வந்திருக்கிறது. பையன் பேர் பிரான்சிஸ், கோயமுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என்னை வேதத்தில் சேர்த்த மாமனார் வழியில் கிறிஸ்தவச் சொந்தம், நல்ல மனிதர்கள். மே மாதம் நிச்சயம். பெண்ணின் சித்தப்பாவுக்கு இந்த நோய் என்பதே அவர்களுக்கு இன்னும் தெரியாது. தாத்தா, தாத்தாவின் தங்கை என்று நீங்கள் அடுக்கினால், அது பரம்பரை என்று ஆகிவிடும். அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்து எதையும் பேசுங்கள்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்புச் சூடு கொஞ்சம் அதிகம். மோரும் கருணைக்கிழங்கும் சேர்த்துக்கொள்கிறேன். வேறொன்றுமில்லை.

தங்கள் அன்புள்ள தம்பி,
அரங்கசாமி.


சூலூர்,
10-3-1995.

தம்பிக்கு,

நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நீ வரமாட்டாய் என்று தெரிந்ததால் நானே போனேன். சின்னவன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா ரூத்தின் அறைக்கு வெளியே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டார். அய்யனுக்குக் கடுப்பு என்றார்கள், அத்தைக்குக் குடலேத்தம் என்றார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார். "பேரை விடுங்கம்மா. நீங்க கண்ணால என்ன பார்த்தீங்களோ அதைச் சொல்லுங்க" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். துணியைச் சொன்னேன். கட்டியைச் சொன்னேன். அய்யன் எலும்பாக இளைத்ததை, போய் வந்த பிறகும் இன்னும் வருகிறது என்று மறுபடி எழுந்து போவதை, எல்லாம் சொன்னேன்.

அவர் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, வட்டம் போட்டு எழுதினார். மூன்று பேர், அடுத்தடுத்த இரண்டு தலைமுறை, அதில் ஒருத்தராவது ஐம்பது வயதுக்குள். இப்படி இருந்தால் அது குடும்பத்தோடு வருகிற வகையாக இருக்கலாம் என்றும், வெளிநாட்டு டாக்டர்கள் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். சின்னவனுக்கு நாற்பத்தேழு.

நீ கேட்டதையும் கேட்டேன். பீடி, சாராயம், தினமும் கறி, கீரை காய் இல்லாத சாப்பாடு, உடம்பு கனப்பது, வயது ஐம்பதைத் தாண்டுவது, எல்லாம் ஆபத்தைக் கூட்டுமாம். ஆனால் ரத்தத்தில் வந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லாமலே வரும் என்றார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராமலும் போகும், ஆனால் யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது.

குடலின் உள்தோலில் முதலில் மரு மாதிரி ஒன்று முளைக்கிறது. அது வலிக்காது. பல வருஷம் அப்படியே இருந்து பிறகு மாறுகிறது. மருவாக இருக்கும்போதே குழாய் விட்டுப் பார்த்துக் கிள்ளி எடுத்துவிட்டால் நோயே வராது. உள்தோலை மட்டும் பிடித்திருக்கும்போது வெட்டினால் பெரும்பாலும் பிழைக்கலாம். சுவரைத் தாண்டி நெறிகட்டிகளுக்குப் போனால் புற்றுநோய்க்கான ஊசியும் வேண்டும். ஈரலுக்குப் போய்விட்டால் கஷ்டம்.

சின்னவனுக்கு ஈரலில் இருக்கிறது. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. உன் உடம்புச் சூடு எப்போதிலிருந்து? கருணைக்கிழங்கை நம் வீட்டில் மூலத்துக்குத்தான் தின்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ரத்தம் போகிறதா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு கார்டில் எழுதிப்போடு.

உன் அக்கா,
பழனியாத்தாள்.


சத்தியமங்கலம்,
22-5-1995.

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

அன்புக்கரசியின் நிச்சயம் கர்த்தர் கிருபையால், உங்கள் ஆசியால், நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். தம்பிக்குக் காமாலை, அதனால் அக்கா துணைக்கு இருக்கிறார் என்று சொன்னேன். பிரான்சிஸ் தங்கமான பையன். வந்தவர்களுக்கெல்லாம் அவனே எழுந்து இலை போட்டான். அவனுடைய அம்மா அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. செப்டம்பரில் கல்யாணம். ஆகஸ்டு கடைசியிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலிலும் இங்கேயும் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள்.

நான் இளைத்துவிட்டேன் என்று என் சம்சாரம் சொல்கிறாள். கல்யாண அலைச்சல். பழைய சட்டையெல்லாம் இப்போது நன்றாக இருக்கிறது.

தம்பிக்கு ஊசி போடுவதாகக் கேள்விப்பட்டேன். பள்ளி திறக்கும் முன் ஒரு நடை வந்து பார்க்கிறேன். தம்பி மகள் மதிவதனி பரீட்சை எப்படி எழுதினாள்?

தங்கள் தம்பி,
அரங்கசாமி.


சூலூர்,
28-5-1995.

தம்பிக்கு,

கல்யாணச் சேதி கேட்டுச் சந்தோஷம். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

சின்னவனுக்கு மாதத்தில் ஐந்து நாள் ஊசி. ஊசி முடிந்த வாரம் வாயெல்லாம் புண், தயிர்சோறுதான். சோறு வாசனையே ஆகவில்லை என்கிறான். பையை மாற்ற அவன் பெண்சாதி கற்றுக்கொண்டாள், இப்போது முகம் சுளிக்காமல் செய்கிறாள். முதல் மாதம் அவன் யாரையும் பார்க்கமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போன வாரம் பட்டறை ஆட்கள் வந்தபோது அவனே சட்டையைத் தூக்கிக் காட்டினான். "ஏனுங்க, நீங்கெல்லாம் பின்னால போறீங்க, நான் முன்னால போறேன். முன்னேறீட்டனில்ல" என்றான். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அப்புறம் அவனே முதலில் சிரித்தான்.

அவன் கேட்டான், நான் சொல்லிவிட்டேன். ஈரல் விஷயத்தை. "அண்ணனை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கக்கா" என்றான். மகள் மதிவதனியைப் பற்றிக்கூட அதற்குப் பிறகுதான் பேசினான்.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். மூன்று பக்கத்தில் இலை போட்டது, சட்டை நன்றாக இருப்பது எல்லாம் எழுதினாய். அதற்கு மட்டும் பதில் இல்லை. பதில் இல்லாததே எனக்குப் பதில்.

ஓலை வாசிக்கும்போது, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று கேட்பார்களாமே. எனக்கு ஒன்று தெரியும். அது அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தடை அல்ல. அவளுடைய அப்பன் உயிரோடு இருப்பதற்குத் தடை. நீ ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் எழுந்து நிற்பேன். சொன்னதைச் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

பழனியாத்தாள்.


சத்தியமங்கலம்,
4-6-1995.

அக்காவுக்கு,

நீங்கள் கோயிலில் எழுந்து நின்றால், அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அக்கா இல்லை.

எல்லோரையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறீர்களே, நீங்கள் போய்ப் பார்த்துக்கொண்டீர்களா? நீங்களும் அய்யனுக்குப் பிறந்தவர்தானே? மூன்று கடிதமாக ஊருக்கெல்லாம் ஆபத்து. அதில் உங்கள் பேர் ஒரு இடத்திலும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரங்கசாமி.


சத்தியமங்கலம்,
2-7-1995.

அன்புள்ள அத்தைக்கு,

அன்புக்கரசி எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. பதில் எழுதினால் நான் டைப்ரைட்டிங் படிக்கும் இன்ஸ்டிடியூட் விலாசத்துக்கு எழுதுங்கள்.

அப்பாவின் மேசையில் உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டேன். படித்தது தப்புதான். ஆனால் அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. அப்பா இப்போது தன் துணியைத் தானே அலசுகிறார். விடிவதற்குள் எழுந்து கிணற்றடிக்குப் போகிறார். இருபத்துமூன்று வருஷத்தில் அப்பா துணி அலசி நான் பார்த்ததில்லை. அம்மா கேட்டால், கல்யாணச் செலவு, சோப்பை நீ அதிகம் போடுகிறாய் என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடுகிறார்.

பவானி பாலத்துக்கு அந்தப் பக்கம் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாகும்' என்று போர்டு வைத்திருக்கும் ஒருவரிடம் போய் மூலத்துக்கு மருந்து நூல் கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் குனிந்து கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஆனாலும் பெரிய மூலம் என்று சொன்னாராம். அப்பாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அத்தை? வீட்டுக்கு வந்து, "மூலந்தான், மூலந்தான்" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். நூல் கட்டிய பிறகும் நிற்கவில்லை.

நான் பிரான்சிஸிடம் சொல்லிவிட்டேன். தாத்தா, தாத்தாவின் தங்கை, சித்தப்பா, எல்லாம். அவர், முதலில் உங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்றார். அவர் வீட்டில் சொல்வாரா, சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நீங்கள் கோயிலில் எழுந்து நிற்க வேண்டாம் அத்தை. சொல்லவேண்டியவர்களுக்கு நானே சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று அம்மாவும் நானும் அப்பாவிடம் அழுது பார்த்தோம். "எங்க அக்கா போனாளா? அவ போகட்டும், அப்பறம் நான் போறேன்" என்றார். சாக்குதான். ஆனால் அவருக்கு அந்தச் சாக்கு ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

உங்கள் அன்புள்ள,
அன்புக்கரசி.


சூலூர்,
14-7-1995.

தம்பிக்கு,

நான் போய்விட்டு வந்தேன்.

ஏன் இத்தனை நாள் போகவில்லை என்றால் வெட்கம். வேறு காரணம் இல்லை. புருஷன் செத்து இருபது வருஷமாக வேறொருவர் கை படாத உடம்பு. இந்த வயதில் அதைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் எப்படிப் போடுவது என்றுதான் இருந்தேன்.

எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன், நீ பயந்துகொண்டு இருக்கவேண்டாம். முதல் நாள் கஞ்சித் தண்ணியும் பேதி மருந்தும். அந்த மருந்துதான் எல்லாவற்றிலும் கஷ்டம், குடம் குடமாகக் குடிக்கவேண்டும். குடல் வெறும் குழாயாக ஆகும் வரை விடமாட்டார்கள். மறுநாள் ஒரு கவுன் கொடுத்து ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். நான் முந்தானையைத் தேடினேன், இல்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டேன். நர்ஸம்மா என் கையை மெல்ல எடுத்துவிட்டு, "எதுக்கு அம்மணி மூஞ்சிய மூடறீங்க, நாங்க பார்க்கறது அந்தப் பக்கம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஊசி போட்டார்கள். வயிறு உப்பின மாதிரி இருந்தது, கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. அவ்வளவுதான். கொலனாஸ்கோப்பி என்று பேர்.

இரண்டு மரு இருந்தது. ஒன்று தட்டைப்பயறு அளவு, இன்னொன்று அதைவிடச் சின்னது. அங்கேயே சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் இன்னும் கெட்டது ஆகவில்லை என்று நேற்று ரிப்போர்ட் வந்தது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் நானும் நான்காவதாக ஒரு பேர் வைத்துக்கொண்டு போயிருப்பேன்.

உனக்கு மிச்சமிருந்த சாக்கும் போய்விட்டது. அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா இருக்கிறார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சத்தி பஸ் நிற்கும் இடத்தில் காலையிலிருந்து நிற்பேன். நீ வராவிட்டால் மறுநாளும் நிற்பேன்.

கோயிலுக்கு வரமாட்டேன். அதை நான் செய்யவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. அது ஏன் என்று உன் மகளைக் கேள்.

அக்கா.


சத்தியமங்கலம்,
19-9-1995.

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றுதான் உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்தது.

தையல் ஆறிவிட்டது. எனக்குக் கட்டி மேலே தள்ளி இருந்ததால் குடலை வெட்டிச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள், பை வேண்டியிருக்கவில்லை. ஆனால் பக்கத்து நெறிகட்டிகளில் இரண்டில் இருந்ததாம். ஈரலில் இல்லை. ஆறு மாதம் ஊசி போடவேண்டும். மார்ச் மாதம் வந்திருந்தால் அந்த இரண்டும் இல்லாமல் இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்லமுடியாது என்றார். சொல்லக்கூடாது என்று இருந்திருப்பார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீங்கள் காபி வாங்கப் போயிருந்தபோது ஒரு சின்ன டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது என்று. பிப்ரவரியில் நான் பதில் சொன்ன அதே வராந்தாதான். "எங்க அய்யன், எங்க அத்தை, எங்க தம்பி" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, "எங்க அக்காளுக்கு மரு" என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அழுதேன்.

என் ஆபரேஷனால் ஓலை வாசிப்பது தள்ளிப்போயிருந்தது. போன வாரம் பிரான்சிஸின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் உடம்பைப் பற்றி நிறைய விசாரித்தார்கள். அன்புக்கரசிக்குச் சோதனை பண்ணிவிட்டீர்களா என்று கேட்டார்கள். பண்ணியாயிற்று, ஒன்றும் இல்லை என்றேன். இனிமேல் வராதா என்றார்கள். வராது என்று சொல்ல நாக்கு எழுந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும், பிள்ளைகளுக்கும் வர வழி இருக்கிறது என்று சொன்னேன். நிச்சயத்துக்குப் போட்ட புடவையை அன்புக்கரசி உள்ளேயிருந்து மடித்துக்கொண்டு வந்து அந்த அம்மாள் மடியில் வைத்தாள். அவர்கள் கேட்கவில்லை. அவளாக வைத்தாள். அந்த அம்மாள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். பிரான்சிஸ் அன்றைக்கு வரவில்லை. பிறகும் எழுதவில்லை.

நீங்கள் சொன்னது சரி. நான் பயந்ததும் சரி.

தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி முடிந்ததும் வருகிறேன்.

அரங்கசாமி.


சூலூர்,
6-12-1995.

தம்பி அரங்கசாமிக்கு,

ஊசிக்குப் பிறகு வாய்ப்புண் ஆறியதா? உப்புத் தண்ணீரில் கொப்பளி. காரம் சேர்க்காதே. உன் சம்சாரத்தையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

சின்னவன் காரியம் எல்லாம் முடிந்தது. ஊசியால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் நீ கூட்டத்துக்குள் வரக்கூடாது என்று டாக்டர் தடுத்ததை எல்லோரிடமும் நானே சொன்னேன். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே கேட்டிருப்பேன். சின்னவனுக்கு என்ன நோய் என்று வாசலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் குடல் புற்றுநோய் என்றுதான் சொன்னேன். சத்தமாகச் சொல்லாதீங்க என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள். இன்னொரு தடவை சொன்னேன்.

அன்புக்கரசியின் கல்யாணம் நின்றதற்கு நான் காரணம் என்று நீ எழுதவில்லை. உன் மனதில் இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு அதற்காக வருத்தம் உண்டு, மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இதை யாரும் மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

உனக்கு: மிச்சமுள்ள ஊசி ஒன்றையும் விடாமல் போடவேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக்கூடாது. ஒரு வருஷம் ஆனதும் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கவேண்டிய நிலைமை வரக்கூடாது.

மதிவதனிக்கு இருபது நடக்கிறது. இருபத்தைந்து வரை பொறுக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்பன் நாற்பத்தேழில் போனவள் என்பதால் டாக்டரம்மா இப்போதே பார்த்துவிடலாம் என்கிறார். கூட்டிக்கொண்டு போகவேண்டியவள் அவளுடைய அம்மா. அவள் தைரியம் இல்லை என்கிறாள். பை மாற்றியவளுக்கு இதற்குத் தைரியம் இல்லையா என்று கேட்டிருக்கிறேன். கர்ப்பப்பையிலும் இந்த வகை வரும் என்பதால், பெண்பிள்ளைகள் மாதத் தூரம் தப்பினாலோ அதிகமானாலோ அதையும் மறைக்கக்கூடாது.

அன்புக்கரசி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும். தேதியை அவளே வைத்துக்கொள்ளட்டும், அவள் கெட்டிக்காரி.

நான்: மரு எடுத்தவள் என்பதால் அடுத்த வருஷம் மறுபடி. அதற்கு முன்னால் ஆனைமலைக்குப் போகிறேன். மாரியாத்தாள் அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் குடலேத்தம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பேரன் பேத்தி வந்துவிட்டது. கடிதத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள். நேரில் போய், அவர்களுடைய ஆத்தா வயிற்றில் என் கையில் என்ன தட்டுப்பட்டது என்று சொல்லவேண்டும். திட்டுவார்கள். திட்டட்டும்.

எல்லோருக்கும்: ரத்தம் கண்டால், போகிற முறை மாறினால், காரணமில்லாமல் இளைத்தால், சோகை பிடித்தால், லேகியக்காரனிடமும் நூல் கட்டுகிறவனிடமும் போகக்கூடாது. மூலமாகவே இருந்தாலும் அதை டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கடைசி வேலை உன்னுடையது. அன்புக்கரசிக்கு மறுபடி பெண் பார்க்க வருவார்கள். அவள் படித்த பெண், வராமல் இருக்கமாட்டார்கள். வந்தவர்கள் உட்கார்ந்ததும், அவள் வெளியே வருவதற்கு முன்னால், நீ சொல்லவேண்டும். எங்கள் அய்யன், எங்கள் அத்தை, எங்கள் தம்பி, நான் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். உன் சம்சாரம் அல்ல, தரகர் அல்ல. அந்தப் பெண்ணை மட்டும் சொல்ல வைக்காதே. ஒரு தடவை அவள் சொல்லியாயிற்று.

அவர்கள் எழுந்து போனால், நீயே கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வா.

உன் அக்கா,
பழனியாத்தாள்.